பாதயாத்திரைக்காரரும் பந்தல்காரரும்

ஆகஸ்ட் மூன்றாவது வாரம் பிறந்தால் கடலூர்–சிதம்பரம் சாலையில் காவி கூடிவிடும். வேளாங்கண்ணியில் 29ஆம் தேதி கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் பெருவிழா. சென்னையிலிருந்து நடப்பவர்கள் புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று 300 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். சைக்கிள் சக்கரம் வைத்த சின்னத் தேர், அதில் பூ சுற்றிய மாதா, ஒரு ஸ்பீக்கர், பின்னால் வெறுங்காலோடு பத்து இருபது பேர். நம் பக்கம் வந்து சேரும்போது பாதிக்கு மேல் நடந்து முடித்திருப்பார்கள். பக்தி குறைந்திருக்காது. கால்தான் தகராறு செய்ய ஆரம்பித்திருக்கும்.

கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். நல்ல ஆள் இரண்டு வேளையாகப் பிரித்து நடந்துவிடலாம், கொப்புளம் வந்த ஆளுக்கு அது இரண்டு நாள். வழியெல்லாம் மோர், எலுமிச்சை சாதம், வாழைப்பழம் என்று யாராவது எதையாவது நீட்டிக்கொண்டே இருப்பார்கள். நீட்டுகிறவர்களில் பாதிப் பேர் மாதா கோயில் வாசலை மிதித்தே இருக்க மாட்டார்கள். இந்தக் கரைக்கு வாங்கிச் சாப்பிட்ட அனுபவமும் உண்டு. 2004 டிசம்பரில் சுனாமி, 2011 டிசம்பரில் தானே புயல், 2015இல் வெள்ளம் என்று மூன்று முறை முன்பின் தெரியாதவர்கள் போட்ட சோற்றைத் தின்று எழுந்த ஊர்கள் இவை. சுனாமியன்று குப்பத்து ஜனங்கள் ஓடி வந்தபோது பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் அண்டா ஏற்றியதை இப்போதும் சொல்வார்கள்.

ஆகவே மனசுக்குக் குறைவில்லை. எதை, எங்கே, எந்த நேரத்தில் கொடுப்பது, எவ்வளவு வாங்குவது என்பதில்தான் ஆண்டுதோறும் ஒரே கோளாறு. இந்தப் பட்டியல் அதற்காக.

நடப்பவர்கள் செய்ய வேண்டியவை

நீட்டினால் நின்று வாங்குங்கள். வயிறு நிறைந்திருந்தால் அரை டம்ளர் போதும். கையை ஆட்டிவிட்டு நடந்துகொண்டே போவது கூடாது. மோர்ப் பானை வைத்திருக்கும் அம்மா நேற்று ராத்திரி உறை ஊற்றி, விடியலில் கடைந்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, எட்டு மணி வெயிலில் வந்து நிற்கிறாள். வேண்டாம் என்பதாக இருந்தாலும் நின்று, முகத்தைப் பார்த்து, “இப்பதான் குடிச்சேன்மா” என்று சொல்லிவிட்டுப் போங்கள். ஜப்பானில் ஷிகோகு தீவைச் சுற்றி 88 கோயில்களுக்குச் சுமார் 1,200 கிலோமீட்டர் நடக்கிறவர்கள் இருக்கிறார்கள். வழியில் ஊர்க்காரர் கொடுப்பதை மறுக்கக்கூடாது என்பது அங்கே வழக்கம். வாங்கியவர் தன் பெயர் எழுதிய சின்னச் சீட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு நடப்பார். நம்மிடம் சீட்டு இல்லை. “எந்த ஊருங்க நீங்க?” என்று கேட்டால் மழுப்பாமல் பதில் சொல்லலாம், அதுவே அவர்களுக்கு ஒரு வாரப் பேச்சு.

தண்ணீர் பாட்டிலை ஓ.டி. என்கிற கடலூர் முதுநகரிலேயே நிரப்புங்கள். அதைத் தாண்டினால் சிப்காட் தொழிற்பேட்டை. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் போட்ட கடும் மாசுப் பகுதிகளின் பட்டியலில் கடலூர் இருந்தது. இந்தப் பகுதியில் போர்வெல் தண்ணீரை நம்பாதீர்கள். ஊர்க்காரர்களே குடிப்பதற்குக் கேன் வாங்குகிறார்கள். அந்தக் கேனிலிருந்து உங்களுக்கு ஒரு சொம்பு ஊற்றினால் அது காசு போட்டு வாங்கிய தண்ணீர் என்பது நினைவிருக்கட்டும். முகம் கழுவ அதைச் சாய்க்காதீர்கள்.

காலைக் காட்டக் கூச்சப்படாதீர்கள். ஆலப்பாக்கம், பெரியப்பட்டு, புதுச்சத்திரம் பக்கமெல்லாம் சாயங்காலத்தில் அலுமினியப் பேசினில் வெந்நீர் ஊற்றி, ஒரு கை கல்லுப்பு போட்டு, “காலை வைங்க” என்று உட்கார வைக்கிற வீடுகள் உண்டு. முதலில் யாரும் வைக்க மாட்டார்கள். தார் ஒட்டி, வெடித்து, புழுதி ஏறின காலை முன்பின் தெரியாத வீட்டுப் பேசினில் எப்படி வைப்பது என்று தயங்குவார்கள். வையுங்கள். வெந்நீர் கை பொறுக்கும் சூட்டில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் காலில் சூடு உறைக்காது. உப்புநீரும் முழுக்கொப்புளத்துக்குத்தான், உடைந்த புண்ணுக்கு வேண்டாம். காவி வேட்டியில் குத்தியிருக்கும் ஊக்கை எடுத்துக் கொப்புளத்தைக் குத்திவிடுவது பாதயாத்திரைக்காரர்களின் பழைய வைத்தியம், பழைய முட்டாள்தனமும்கூட. தானாக உடைந்தால் தோலை உரிக்காமல் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, சுத்தமான துணி சுற்றிக்கொள்ளுங்கள்.

இருட்டில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள். முதுகுக்குப் பின்னால் வரும் லாரியை எந்தச் சாமியும் காட்டிக் கொடுக்காது. தேரின் பின்பக்கத்திலும் கடைசி ஆளின் முதுகிலும் ஒளிரும் ஸ்டிக்கர் கட்டாயம். யாராவது ஒட்டிவிட வந்தால் படம் கெடுகிறது, பூ மறைகிறது என்று சண்டை போடாதீர்கள்.

கேட்டுவிட்டுப் படுங்கள். பள்ளிக்கூட வராந்தா, கல்யாண மண்டபத்துத் திண்ணை, பெட்ரோல் பங்க் ஓரம் எதுவானாலும் வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை. அவருக்கும் மேலே பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார். காலையில் கிளம்பும்போது படுத்த இடத்தைக் கூட்டிவிட்டுப் போனால், பின்னால் வரும் கூட்டத்துக்கும் அந்த இடம் கிடைக்கும்.

நடப்பவர்கள் செய்யக்கூடாதவை

மூட்டை கட்டாதீர்கள். ஊர் எல்லையில் நாலு பந்தல் அடுத்தடுத்து இருக்கும். நாலிலும் பொட்டலம் வாங்கித் தேரின் அடியில் அடுக்கிக்கொண்டு போனால், மூன்று மணி நேரத்தில் சாம்பார் சாதம் ஊசிப்போகும். அதைச் சாலையோரம் கொட்டுவீர்கள். கொட்டிக் கிடக்கும் சோற்றைப் பார்த்த பந்தல்காரர் அடுத்த வருஷம் வர மாட்டார்.

காசை நீட்டாதீர்கள். மோருக்குப் பத்து ரூபாய் கொடுத்தால் அது வியாபாரமாகிவிடும், அவர்களுக்கு முகம் சுருங்கிவிடும். மனசு கேட்கவில்லையென்றால் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள், குடத்தைத் தூக்க ஒரு கை கொடுங்கள். 1962இல் சதீஷ் குமாரும் ஈ.பி. மேனனும் அணுகுண்டுக்கு எதிராக டெல்லியிலிருந்து மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் என்று நடக்கக் கிளம்பியபோது, கையில் காசே வைத்துக்கொள்ளாதீர்கள் என்றுதான் வினோபா பாவே சொல்லி அனுப்பினார். காசு இருந்தால் லாட்ஜைத் தேடுவோம். இல்லாவிட்டால் ஆளைத் தேடிப் பேசித்தான் ஆக வேண்டும்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கர் வேண்டாம். சாலையோர வீடுகளில் கைக்குழந்தை இருக்கும், ஷிப்ட் முடிந்து வந்தவர் படுத்திருப்பார். மாதாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

பாலத்திலும் தண்டவாளத்தோரமும் உட்காராதீர்கள். பு.முட்லூருக்கும் சி.முட்லூருக்கும் நடுவில் வெள்ளாற்றுப் பாலம், சிதம்பரம் தாண்டி வல்லம்படுகையில் கொள்ளிடப் பாலம். இரண்டிலும் காற்று சுகமாக இருக்கும், கண் அசந்துவிடும். ஒரே மூச்சில் தாண்டிவிடுங்கள்.

திறக்காத கதவைத் திட்டாதீர்கள். ராத்திரி பதினொரு மணிக்கு எட்டுப் பேர் போய்க் கூப்பிட்டால், வயசானவர்கள் மட்டும் இருக்கும் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். நியாயம்தான்.

நேர்ச்சை கெட்டுவிடும் என்று காய்ச்சலோடு நடக்காதீர்கள். யாராவது பைக்கில் ஏறச் சொன்னால் ஏறிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அவசரமென்றால் 108. விட்ட இடத்திலிருந்து மறுபடி நடக்கலாம், அதற்கு யாரும் கணக்குக் கேட்பதில்லை.

கொடுப்பவர்கள் செய்ய வேண்டியவை

சோற்றுக்கு முன்னால் கக்கூஸைத் திறந்துவிடுங்கள். இந்த 45 கிலோமீட்டரில் பெரிய தர்மம் எது என்று நடக்கும் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். பிரியாணி என்று ஒருத்தி சொல்ல மாட்டாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் ஒரு கதவு போதும் என்பாள். ஆண்கள் எங்கேயோ ஒதுங்கிவிடுகிறார்கள். பெண்கள் அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைக்கிறார்கள், ஆகஸ்ட் வெயிலில் அது மயக்கத்தில் கொண்டுபோய்விடும். நீங்கள் ஒரு டிரம் மோர் வைத்து என்ன, குடித்தால் எங்கே போவது என்ற பயத்தில் அவள் அரை டம்ளரோடு நிறுத்திக்கொள்கிறாள்.

செலவு பெரிதில்லை. கொல்லைப்புறக் கக்கூஸில் ஒரு பல்பு, தண்ணீர் நிறைத்த பக்கெட், ஓட்டையில்லாத மக், உள்தாழ்ப்பாள், மூடி போட்ட குப்பைக்கூடை, அதன் பக்கத்தில் பழைய செய்தித்தாள். சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி ‘பெண்கள் கழிப்பறை’ என்று ஒரு அட்டை. வாசலில் வீட்டுப் பெண்கள் யாராவது உட்கார்ந்திருக்க வேண்டும். ஆம்பிளை மட்டும் நின்று “உள்ள போங்கம்மா” என்றால் எவளும் வர மாட்டாள், வரவும் கூடாது. கல்யாண மண்டபக்காரர்களும் பெட்ரோல் பங்க்காரர்களும் அந்தப் பத்து நாள் பூட்டுப் போடாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

டவுனை விட்டு வெளியே போங்கள். மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரம் பைபாஸிலும் பந்தலுக்கு மேல் பந்தல். அங்கே கடையும் இருக்கிறது, ஓட்டலும் இருக்கிறது. தேவை ஆலப்பாக்கத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில், நிழலே இல்லாத இடத்தில். நாலுவழிச் சாலை போட்டதில் புளியமரங்கள் போய்விட்டன, புதுக் கன்று நிழல் தர இன்னும் நாள் பிடிக்கும். ஒரு தார்ப்பாய், நாலு கம்பு, இரண்டு பெஞ்சு போதும். ஆள் நின்று பரிமாற முடியாவிட்டால் பரவாயில்லை, நிழலை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

அவர்கள் நடக்கும் நேரத்தில் கொடுங்கள். நாம் அன்னதானம் போடுவது மதியம் பன்னிரண்டரைக்கு. அவர்கள் நடப்பது விடியற்காலை மூன்று மணியிலிருந்து ஒன்பது வரை, மறுபடி வெயில் தாழ்ந்து நாலிலிருந்து ராத்திரி வரை. நீங்கள் கரண்டி பிடிக்கும் நேரத்தில் பாதிப் பேர் எங்கேயோ சுருண்டு கிடக்கிறார்கள். விடிகாலை நாலு மணிக்கு ஒரு கேன் சுக்குக் காபியோடு நின்று பாருங்கள், அதன் மதிப்பே வேறு.

லேசாகச் சமையுங்கள். புளிசாதமும் எலுமிச்சை சாதமும் தாங்கும். தேங்காய்ச் சட்னி தாங்காது. தயிர்சாதத்தைக் காலையில் கிளறி மதியம் வரை வைக்காதீர்கள். மட்டன் பிரியாணியைப் போட்டால் சந்தோஷமாகச் சாப்பிடுவார்கள், நேர்ச்சைக்கு விரதம் இருப்பவர்கள் விலகிப் போவார்கள், சாப்பிட்டவர்கள் அடுத்த மூன்று மணி நேரம் நடக்க மாட்டார்கள். வயிற்றுப்போக்கில் துவண்டு வருகிற ஆளுக்குச் சோறு வேண்டாம். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள்.

கொடுப்பவர்கள் செய்யக்கூடாதவை

பாத்திரத்தைவிடப் பெரிதாக பேனர் வைக்காதீர்கள். ஒரு டிரம் தண்ணீருக்குப் பன்னிரண்டு அடி பிளெக்ஸ், அதில் மேலே ஐந்து தலைவர்கள், கீழே ஒன்பது நிர்வாகிகள், ஓரத்தில் தபால்தலை அளவுக்கு மாதா.

தண்ணீர்ப் பந்தலுக்குப் பெயர் வைப்பதில் நம் ஜில்லாவுக்குச் சம்பந்தப்பட்ட கதை ஒன்று உண்டு. பண்ருட்டி பக்கத்துத் திருவாமூரில் பிறந்த அப்பர் ஊர் ஊராய் நடந்து திங்களூர் போய்ச் சேர்கிறார். அங்கே தண்ணீர்ப் பந்தலில் அவருடைய பெயரே எழுதியிருக்கிறது. வைத்தவர் அப்பூதி அடிகள், அப்பரை அதற்கு முன் பார்த்ததே இல்லை. சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் அரங்கேறிய பெரியபுராணத்தில் சேக்கிழார் இதைச் சொல்கிறார். தன் பந்தலுக்கு இன்னொருவர் பெயரை வைத்த மனுஷரின் கதை அது.

பெயரே இல்லாமல் கொடுத்த கதையும் இருக்கிறது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் வேதாரண்யத்துக்கு நடக்கக் கிளம்பினார்கள். இவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் ஆறு மாதம் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். அப்படியும் கும்பகோணத்தில் பந்துலு ஐயர் வெளிப்படையாகவே இடம் கொடுத்துவிட்டு ஜெயிலுக்குப் போனார். மற்றவர்கள் வேறு வழி பார்த்தார்கள். சோற்றுப் பொட்டலத்தைச் சாலையோர மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆற்றங்கரை மணலில் அண்டாவைப் புதைத்து இடத்துக்கு அடையாளம் வைத்தார்கள். நடப்பவர்கள் பறித்தும் தோண்டியும் சாப்பிட்டார்கள். யார் கொடுத்தது என்று போலீசுக்கும் தெரியாது, சாப்பிட்டவர்களுக்கும் தெரியாது.

“எந்தத் தெரு?” என்று கேட்காதீர்கள். ஊரைக் கேட்பது அன்பு. ஊருக்குள் எந்தப் பக்கம், எந்தத் தெரு என்று அடுத்தடுத்துக் கேட்பது எதற்கென்று கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். அந்த நொடியில் மோர் புளித்துவிடும். வழிப்போக்கருக்குத் தர்மம் செய்த நம் பழைய சத்திரங்கள் பலவற்றில் சாதிக்கொரு பந்தி இருந்தது. சிதம்பரத்துக்கு நடந்தவர்களில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் நந்தன். கொள்ளிடக் கரை ஆதனூரிலிருந்து, நாளைப் போவேன் நாளைப் போவேன் என்று ஏங்கி, கடைசியில் நடந்தே வந்தவரை ஊர் எல்லையில் நிறுத்தி வைத்தது எது என்று இங்கே விளக்க வேண்டியதில்லை.

அதே சிதம்பரத்துக்குப் பக்கத்து மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார் 1867 மே 23 அன்று வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். சாதியும் மதமும் கேட்காமல் பசித்தவருக்கெல்லாம் சோறு. அன்று மூட்டிய அடுப்பை இன்றுவரை அணைய விடாமல் காக்கிறார்கள். வரிசையில் நிற்பவரிடம் கேட்க அங்கே ஒரு கேள்வியும் கிடையாது. வரிசையை நேராக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

வாங்குகிறவரைப் படம் எடுக்காதீர்கள். வாயில் சோறு இருக்கும்போது எந்த மனுஷரும் அழகாக இல்லை.

வீட்டில் கழித்துப் போட்டதைக் கொடுக்காதீர்கள். சுனாமிக்குப் பிறகு நாடு முழுக்க இருந்து லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. கிழிந்தது, பொத்தான் இல்லாதது, இந்தக் கரைப் பெண்கள் உடுத்தாத தினுசு. குப்பத்து ஜனங்கள் தொடவில்லை. கடலூர், நாகை சாலையோரங்களில் குவிந்து கிடந்து மக்கியது. எல்லாம் இழந்தவனுக்கு எதுவும் ஆகும் என்று அனுப்பியவர்கள் நினைத்தார்கள். கடலூர்க்காரர்களுக்கு அந்தத் துணி மலை ஞாபகம் இருக்கும். அப்புறம் எதற்குக் காலாவதி பிஸ்கட்டையும் ஒருபக்கம் தேய்ந்த செருப்பையும் பந்தலில் வைக்கிறோம்?

பிளாஸ்டிக் கப், தண்ணீர் பாக்கெட் வேண்டாம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. தர்மத்துக்கு விலக்கு ஒன்றும் கிடையாது. எவர்சில்வர் டம்ளர் இருபது, கழுவ ஒரு பேசின், மந்தார இலைத் தட்டு.

வண்டியில் ஏறச் சொல்லி இழுக்காதீர்கள். ஒருமுறை கேளுங்கள். நொண்டிக்கொண்டு நடப்பவர் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். அவர் எதற்காக நேர்ந்துகொண்டார் என்று உங்களுக்குத் தெரியாது, கேட்கவும் வேண்டாம். பிள்ளைக்கு உடம்பு சரியாக வேண்டுமென்று நடப்பவரிடம் “என்ன வேண்டுதல்?” என்று மோர் ஊற்றிக்கொண்டே விசாரித்தால் அவர் குடிப்பாரா, அழுவாரா?

செப்டம்பர் எட்டோடு கம்பை விறகாக்கிவிடாதீர்கள். நடந்து போனவர்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் திரும்பிவிடுவார்கள், பந்தல் காலியாகிவிடும். கம்பையும் தார்ப்பாயையும் பரண்மேல் போட்டு வையுங்கள். தைப்பூச ஜோதி பார்க்க இந்தக் கடலூர், சிதம்பரம் ஊர்களிலிருந்தே வடலூருக்கு நடப்பவர்கள் நாலு மாதத்தில் கிளம்பிவிடுவார்கள். பந்தலை அப்போது குறிஞ்சிப்பாடி சாலைக்கு மாற்ற வேண்டும். தை மாதத்து விடியற்காலைப் பனிக்கு மோர் ஆகாது, அடுப்பும் பால் கேனும் வேண்டும்.